கண்ணில்லாத வண்டுக்குப் பேர் வைத்த கதை

புதுசா ஒரு சிற்றினத்தைக் கண்டுபிடிச்சிருக்காங்க என்று செய்தி வந்தால் நமக்குச் சட்டென்று புரிந்துவிடும். இதுவரை யாரும் விவரித்து எழுதாத ஒரு உயிர், அவ்வளவுதான். ஆனால் "புதுப் பேரினம்" என்றால்? பேரினத்தைக் குடுவையில் போட்டுக் காட்ட முடியாது. "இந்தச் சிற்றினங்கள் எல்லாம் ஒரே மூதாதையின் வழி வந்த பங்காளிகள், பக்கத்தில் இருக்கிற அந்தக் கூட்டம் அச்சு அசலாக இவர்கள் மாதிரியே இருந்தாலும் வேறு கிளை" என்று சொல்கிற ஒரு வாதம் அது. வெளியே பார்த்தால் ஒரு பெயர், உள்ளே ஒரு வம்சாவளி. வாதம் என்பதால் தோற்றும் போகலாம்.

அந்த மாதிரி வாதம் அடிக்கடி தடுமாறிய இடம் ஒன்றைச் சொல்லச் சொன்னால், குகைக்குள் வாழும் கண்ணில்லாத தரை வண்டுகளைத்தான் சொல்வேன். முதல் பேரினத்துக்குப் பெயர் வைத்த அன்றே தடுமாற்றமும் தொடங்கிவிட்டது.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம். தரை வண்டுகள் வண்டினங்களில் மிகப் பெரிய குடும்பங்களில் ஒன்று. பெரும்பாலானவை பறப்பதைவிட ஓடுவதில் கெட்டி. மண்ணில், கல்லடியில் ஓடி ஓடிச் சின்னப் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். அதில் 'ட்ரெகினி' என்று ஒரு பிரிவு. எறும்பைவிடக் கொஞ்சம் பெரிது, பல வகைகள் ஐந்தாறு மில்லிமீட்டர்தான். குளிர்ச்சியும் ஈரமும் பிடிக்கும்: மலை ஓடைக் கரை, பாசி, பனி உருகும் இடத்துக் கல்லடி. இந்தப் பிரிவிலிருந்து குகைக்குள் போய்த் தங்கிவிட்டவற்றைப் பார்த்தால் எல்லாம் ஒரே வார்ப்பில் செய்தது போல இருக்கும். கண் கிடையாது. பறக்கும் சிறகு கிடையாது. உடம்பில் கறுப்பு நிறமி போய், தேன் நிறத்தில் கிட்டத்தட்ட ஒளி ஊடுருவுகிற ஓடு. கால்களும் உணர்கொம்புகளும் நீண்டு, உடம்பில் அங்கங்கே நீளமான உணர்மயிர்கள். இருட்டில் கண் செய்கிற வேலையைக் கொம்பும் மயிரும் எடுத்துக்கொள்கின்றன.

கதை தொடங்குகிற இடம் இன்றைய ஸ்லோவேனியா. அப்போது அது ஆஸ்திரியப் பேரரசின் கார்னியோலா மாகாணம். முழுக்கச் சுண்ணாம்புக்கல் பூமி. ஆறு திடீரென்று தரைக்குள் போய் மறையும், வேறெங்கோ வெளியே வரும். அங்கே போஸ்டோய்னா குகையில் விளக்கேற்றும் வேலை பார்த்த லூகா சேச் என்பவர் 1831-ல் ஒரு விசித்திர வண்டைப் பிடித்தார். உப்பிய வயிறு, நூல் போன்ற கழுத்து, கண் இல்லை. அது ஹோஹன்வார்ட் பிரபுவின் கைக்குப் போய், அங்கிருந்து லியூப்லியானாவில் வியாபாரம் செய்துகொண்டே பூச்சி சேகரித்த ஃபெர்டினாண்ட் ஷ்மிட்டிடம் வந்தது. 1832-ல் ஷ்மிட் அதை விவரித்து வெளியிட்டார். முறையாக விவரிக்கப்பட்ட முதல் குகை வண்டு அதுதான். பேரினப் பெயர் லெப்டோடைரஸ். 'மெல்லிய கழுத்து' என்று அர்த்தம். சிற்றினப் பெயர் பிரபுவுக்குப் போனது. விளக்கேற்றியவருக்கு எதுவும் இல்லை!

ஆனால் அது தரை வண்டு அல்ல. அழுகல், பூஞ்சை தின்னும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. தரை வண்டின் முறை வர இன்னும் பன்னிரண்டு வருஷம் ஆனது.

நூரம்பெர்க்கில் யாகோப் ஷ்டுர்ம் என்று ஒருவர். தொழிலால் செம்புத் தகட்டில் படம் செதுக்குகிறவர். ஜெர்மனியின் பூச்சிகளை வரிசையாகப் படம் செதுக்கி, விவரித்துப் பல தொகுதிகளாக வெளியிட்டவர். ஷ்மிட்டிடமிருந்து வந்த ஒரு குகைத் தரை வண்டு, குகை வாயை அடைத்தாற்போல் கோட்டை கட்டியிருக்கிறார்களே, அந்த பிரெட்யாமாவில் கிடைத்தது, அவர் மேஜைக்கு வந்தது. 1844-ல் அதற்கு ஒரு புதுப் பேரினம் வைத்தார்: அனோப்தால்மஸ். கிரேக்கத்தில் 'கண் இல்லாதது'. சிற்றினப் பெயர் ஷ்மித்தி, ஷ்மிட்டின் நினைவாக.

ஷ்டுர்மைக் குறை சொல்ல முடியாது. தரை வண்டு என்றாலே துருத்திய கண்ணும் பாய்ச்சலும்தான். அதில் ஒன்றுக்குக் கண்ணே இல்லை என்றால் யாருக்குத்தான் அதைவிடப் பெரிய அடையாளம் தோன்றும்? லெப்டோடைரஸுக்குக் கழுத்து, அனோப்தால்மஸுக்குக் கண். கண்ணில் பட்டதை வைத்துப் பெயர். ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கழுத்து என்பது அந்த வண்டிடம் *இருக்கிற* ஒன்று. கண் *இல்லாத* ஒன்று. இல்லாத ஒன்றை அடையாளமாக வைத்தால், அது இல்லாத எல்லோரும் உள்ளே வரலாம்.

வந்தார்கள். அதே 1844-லேயே.

நியூயார்க்கில் மருத்துவராக இருந்த ஜெர்மானியர் தியோடர் டெல்காம்ப் 1842-ல் கெண்டக்கியின் மம்மூத் குகைக்குப் போய்ச் சில உயிரினங்களைச் சேகரித்திருந்தார். (அந்தக் காலத்தில் மம்மூத் குகைக்குள் ஆட்களை அழைத்துப் போனவர்கள் அடிமைகளாக இருந்த கறுப்பின வழிகாட்டிகள். அவர்களில் புகழ்பெற்ற ஸ்டீபன் பிஷப் அந்தக் குகையின் வரைபடத்தையே போட்டவர். 1856-ல்தான் விடுதலை கிடைத்தது, அடுத்த வருஷமே இறந்துபோனார். லூகா சேச் கதைதான் இங்கேயும்: இருட்டு தெரிந்தவர் ஒருவர், பெயர் வாங்கியவர் வேறொருவர்.) அந்தச் சேகரிப்பில் ஒரு கண்ணில்லாத தரை வண்டு இருந்தது. பெர்லினில் எரிக்சன் அதைப் பார்த்தார். கண் இல்லை, சிறகு இல்லை, வெளிறிய நிறம். சரி, இதுவும் அனோப்தால்மஸ்தான் என்று டெல்காம்பின் பெயரைச் சேர்த்து வெளியிட்டார்.

நடந்ததைக் கவனியுங்கள். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் ஒரு குகை, இந்தப் பக்கம் ஒரு குகை. நடுவே கடல். குகை வண்டால் பறக்க முடியாது, வெயிலில் சில நிமிஷம்கூடத் தாக்குப்பிடிப்பது கஷ்டம். இரண்டும் 'ஒரே பேரினம்', அதாவது பங்காளிகள், என்று எழுதியாகிவிட்டது. அடுத்த அறுபது எழுபது வருஷமும் இப்படியே. எந்தக் குகையில் எந்தக் கண்ணில்லாத ட்ரெகினி கிடைத்தாலும் பெரும்பாலும் அனோப்தால்மஸ் கூடையில் போட்டுவிடுவது.

இந்தக் கூடையில் தடுக்கியவர்களில் ஒருவர் டார்வின். இந்தப் பகுதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1859-ல் வந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் குகை விலங்குகள் ஒரு முக்கியமான சாட்சி. அவர் வாதம் இப்படிப் போகும்: ஐரோப்பாவின் சுண்ணாம்புக் குகையும் அமெரிக்காவின் சுண்ணாம்புக் குகையும் கிட்டத்தட்ட ஒரே சூழல். இருட்டுக்கென்றே தனியாகப் படைக்கப்பட்ட விலங்குகள் என்றால் இரண்டு இடத்திலும் நெருங்கிய ஒற்றுமை இருக்க வேண்டும். ஆனால் உண்மையில் அமெரிக்கக் குகை விலங்கு அமெரிக்க வெளி விலங்குக்கும், ஐரோப்பியக் குகை விலங்கு ஐரோப்பிய வெளி விலங்குக்கும்தான் சொந்தம். ஆக, வெளியே இருந்தவை தலைமுறை தலைமுறையாக உள்ளே போயிருக்கின்றன. அழகான வாதம். கண் மறைந்ததற்கு மட்டும் அவர் இயற்கைத் தேர்வைக் காரணம் சொல்லவில்லை. பயன்படுத்தாததால் போனது என்றே எழுதினார்.

இந்த வாதத்துக்கு நேர் எதிரே நின்றது அனோப்தால்மஸ். பெயர்ச்சீட்டு சொல்வதை நம்பினால், ஐரோப்பியக் குகை வண்டுக்கு நெருங்கிய சொந்தம் கெண்டக்கிக் குகையில் இருக்கிறது! ஆண்ட்ரூ மர்ரே என்ற பூச்சியியலாளர் இதைச் சுட்டிக்காட்டினார். டார்வின் பின்னால் வந்த பதிப்பில் பதில் சேர்த்தார்: இவற்றின் கண்ணுள்ள மூதாதைகள் ஒரு காலத்தில் இரண்டு கண்டங்களிலும் பரவி இருந்திருக்கலாம், வெளியே இருந்தவை அழிந்து, குகைக்குள் ஒதுங்கியவை மட்டும் எஞ்சியிருக்கலாம் என்று. ஒரு செதுக்குக் கலைஞர் வைத்த பெயர், டார்வினைக் கூடுதலாக ஒரு விளக்கம் எழுத வைத்துவிட்டது. சீட்டில் எழுதியிருப்பது சரியா என்று சந்தேகப்படும் நிலையில் அப்போது யாரும் இல்லை.

அமெரிக்காவில் ஆல்ஃபியஸ் பேக்கர்ட் 1888-ல் குகை விலங்குகள் பற்றி ஒரு பெரிய நூலே போட்டார். அவர் லாமார்க் கட்சி. பயன்படுத்தாத உறுப்பு தேயும், தேய்ந்தது பிள்ளைகளுக்கும் போகும் என்பதற்குக் குகையைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும் என்பது அவர் நிலை. இதை விரிவாகப் பேச வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் குறித்துக்கொள்வோம்: இரண்டு கட்சியும் கண்ணைப் பற்றியே சண்டை போட்டது. வண்டின் மற்ற பாகங்களை யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

பார்த்தவர் ரெனே ஜானெல். 1879-ல் பிறந்த பிரெஞ்சுக்காரர். ருமேனிய விலங்கியலாளர் எமில் ராகோவிட்சாவுடன் சேர்ந்து 1907-ல் 'பயோஸ்பியோலாஜிகா' என்ற ஆய்வு வரிசையைத் தொடங்கினார். (ராகோவிட்சா முன்னாள் அண்டார்டிகாப் பயணி. மயோர்காத் தீவின் குகையில் ஒரு கண்ணில்லாத நீர்வாழ் ஓட்டுயிரைப் பார்த்துவிட்டுப் பாதை மாறியவர்.) இருவரும் நூற்றுக்கணக்கான குகைகளில் இறங்கினார்கள். 1920-ல் ருமேனியாவின் க்ளூஜ் நகரில் உலகின் முதல் குகையியல் நிறுவனம் தொடங்கியபோது ஜானெலும் அங்கே போய்ச் சேர்ந்தார்.

ஜானெல் கேட்ட கேள்வி எளிமையானது, ஆனால் எல்லாத்தையும் புரட்டிப் போட்டது. இருட்டு எதையெல்லாம் மாற்றும்? கண்ணை, நிறத்தை, சிறகை, கால் நீளத்தை, உடம்பு வாகை. அப்படியென்றால் யார் யாருக்குச் சொந்தம் என்று முடிவு செய்ய இவை எதுவுமே உதவாது. மூன்று வேறு வேறு குடும்பத்துப் பிள்ளைகள் ஒரே பள்ளிச் சீருடையில் நிற்பது மாதிரி. சீருடையைப் பார்த்து அண்ணன் தம்பி என்று சொல்லிவிட முடியுமா?

அதனால் இருட்டு தொடாத இடங்களைத் தேடினார். முன்சிறகு ஓட்டின் நுனியில் திரும்பி வளைந்து ஓடும் மெல்லிய வரி எங்கே போய் முடிகிறது? ஓட்டில் நிலையான உணர்மயிர்கள் எந்தெந்தப் புள்ளியில் முளைக்கின்றன? எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பு. அது வயிற்றுக்குள் மடங்கிக் கிடக்கும் ஒரு கெட்டியான குழல். அதற்குள் ஒரு பை, பைக்குள் தகடு போன்ற சில துண்டுகள். வெளிச்சம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றுமில்லை. மிகச் சின்ன அந்த உறுப்பை வெளியே எடுத்து, நுண்ணோக்கியில் வைத்து, வரைந்து, ஒப்பிட வேண்டும். ஒன்றிரண்டு அல்ல, உலகம் முழுக்க இருந்து வந்த ட்ரெகினி வண்டுகள் அத்தனைக்கும். 1926-லிருந்து 1930 வரை பல பாகங்களாக வெளிவந்த அவருடைய ட்ரெகினே பற்றிய பெருநூல் இன்றும் இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் திறந்து பார்க்கிற புத்தகம்.

கூடை கவிழ்ந்தது. அமெரிக்க வண்டுகள் ஐரோப்பிய அனோப்தால்மஸுக்குப் பங்காளிகளே அல்ல என்று தெரிந்தது. 1920-ல் ஜானெல் அவற்றை வெளியே எடுத்தார். டெல்காம்பின் மம்மூத் குகை வண்டுக்கு நியாஃபீனாப்ஸ் என்று தனிப் பேரினம். (குகை வெட்டுக்கிளி மணலில் புதைக்கிற முட்டைகளைத் தோண்டித் தின்று வாழ்கிற வண்டு அது.) மற்றவற்றுக்கு அவர் வைத்த பெயர் சூடனோப்தால்மஸ்: 'பொய் அனோப்தால்மஸ்'. நடந்த குழப்பம் முழுவதையும் ஒரே பெயரில் எழுதிவிட்டார். இன்று அந்தப் பொய்ப் பேரினத்தில் சுமார் 150 சிற்றினங்கள் இருக்கின்றன, மூலப் பேரினத்தைவிடப் பெரிது. அப்பலாச்சியாவிலிருந்து கெண்டக்கி, டென்னசி வரை பரவிக் கிடக்கும் இவற்றில் பல ஒரே ஒரு குகையிலிருந்து மட்டுமே தெரிந்தவை. கெண்டக்கிப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் பார் என்பவர் வாழ்நாளில் பெரும்பகுதியை இவற்றுக்கே கொடுத்தார்.

அப்போ டார்வினுடைய விளக்கம் வீணா? அப்படியும் சொல்ல முடியாது. ஜானெலும் பாரும் சூடனோப்தால்மஸுக்கு நெருக்கமான கண்ணுள்ள உறவாகக் காட்டியது ட்ரெகோப்ளெமஸ் என்ற பேரினத்தை. அது ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் ஆற்றங்கரை ஈரத்திலும் வளைகளிலும் வாழ்வது. அமெரிக்காவில் ஒரே ஒரு சிற்றினம், அதுவும் கெண்டக்கியிலிருந்து வெகு தூரத்தில், ஓரிகன் மாநிலத்தில். கண்ணுள்ள மூதாதைகள் ஒரு காலத்தில் கண்டங்கள் கடந்து பரவி இருந்தன, பிறகு பெரும்பாலும் அழிந்தன என்ற யூகம் இங்கே பொருந்தித்தான் போகிறது. பெயர்ச்சீட்டு தப்பு; அதை நம்பிச் சொன்ன விளக்கத்தில் பாதி சரி. அறிவியலில் இப்படியும் நடக்கும்!

ஜானெலுக்குப் பிறகு பேரினங்கள் பெருகின. 1952-ல் ஜே. மேன்சன் வாலண்டைன் கெண்டக்கி, டென்னசிக் குகைகளிலிருந்து டார்லிங்டோனியா, நெல்சோனைட்டிஸ், அமெரோடுவாலியஸ் என்று மூன்றை அறிவித்தார். மூன்றும் இன்றும் நிற்கின்றன. பெயர் எங்கோ கேட்டது போல இருக்கிறதா? 1968-ல் பஹாமாஸ் கடலடியில் 'பிமினி சாலை' என்ற கல்வரிசையைக் கண்டு, மூழ்கிய அட்லாண்டிஸ் என்ற பரபரப்பைக் கிளப்பினாரே, அதே வாலண்டைன்தான். வண்டின் மயிர் எங்கே முளைக்கிறது என்று எண்ணிப் பார்த்த கண்ணுக்கு இயற்கையாக வெடித்த கடற்கரைப் பாறை ரோடாகத் தெரிந்தது.

இன்னொரு பெயர் சிரிக்க முடியாதது. ஸ்லோவேனியக் குகை வண்டு ஒன்றுக்கு 1937-ல் ஆஸ்கர் ஷைபெல் என்ற சேகரிப்பாளர் அனோப்தால்மஸ் ஹிட்லெரி என்று பெயர் வைத்தார். சரியான அனோப்தால்மஸ்தான், வகைப்பாட்டில் தவறு எதுவும் இல்லை. அதனாலேயே பெயரை எடுக்கவும் முடியவில்லை. விதிப்படி வெளியிட்ட பெயர் மனதைப் புண்படுத்துகிறது என்பதற்காக மாற்றப்படாது என்று சர்வதேச விலங்கியல் பெயரிடல் ஆணையம் 2023-லும் சொல்லிவிட்டது. ஹிட்லர் நினைவுப் பொருட்கள் சேர்க்கிற கும்பல் காசு கொடுத்து வாங்குவதால், தான் செய்யாத குற்றத்துக்காக அந்த வண்டு குகையிலிருந்து திருடப்படுகிறது. ஆணையத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஒன்றை மாற்றினால் வரிசையாக ஆயிரம் வரும். ஆனாலும் பெயருக்கான விலையை அந்த வண்டு கொடுப்பது உறுத்துகிறது.

சமீப காலத்தில் இந்த வேலை சூடுபிடித்திருப்பது தென் சீனாவில். குவாங்சி, குய்ஷோ மாகாணங்களின் சுண்ணாம்புக்கல் நிலம் கார்னியோலாவைவிடப் பல மடங்கு பரந்தது. குவாங்ஷோவில் உள்ள தென் சீன வேளாண் பல்கலைக்கழகத்தின் தியான் மிங்யியும் அவர் குழுவும் 2016-ல் ஒரே கட்டுரையில் ஐந்து புதுப் பேரினங்களை அறிவித்தார்கள். 2017-ல் குவாங்சியின் டுவான் பகுதியிலிருந்து ஷுவெடைட்டிஸ் பெல்லஸ். 'ஷுவெ' என்றால் சீனத்தில் குகை, பொந்து. 'பெல்லஸ்' லத்தீனில் அழகானது. ஒன்பது மில்லிமீட்டர் நீளம், தலையும் மார்பும் இழுத்து நீட்டின மாதிரி ஒல்லி. படத்தைப் பார்த்தால் வண்டு என்றே தோன்றாது, ஏதோ எறும்புக்கும் சிலந்திக்கும் பிறந்தது போல இருக்கும். இன்றைக்கு ஒரு பேரினத்தை அறிவிக்க விதிகள் தெளிவாக இருக்கின்றன: மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுகிற விவரிப்பு வேண்டும், எந்தச் சிற்றினம் அந்தப் பேரினத்தின் மாதிரி என்று சுட்ட வேண்டும், அந்தச் சிற்றினத்தின் பெயரைத் தாங்கும் ஒரு மூலமாதிரி எங்கே வைக்கப்படும் என்று சொல்ல வேண்டும். கண் இல்லை என்பதும் விவரிப்பில் வரும். பத்தோடு பதினொன்றாக.

இதில் ஒரு நடைமுறைக் கஷ்டமும் உண்டு. இந்த வண்டுகளின் உண்மையான வீடு குகையே அல்ல. 1980-ல் பிரான்ஸின் பிரனீஸ் மலைகளில் க்ரிஸ்டியான் ஜுபெர்த்தியின் குழு ஒன்றைக் காட்டியது: மண்ணுக்கும் பாறைக்கும் நடுவே, சரிந்து கிடக்கும் கற்களின் இடுக்குகளிலும் இதே கண்ணில்லா வண்டுகள் வாழ்கின்றன. ஜப்பானில் ஷுன்இச்சி உவேனோவும் இதையே பார்த்திருந்தார். அதாவது மலை முழுக்க ஓடுகிற விரிசல்கள்தான் இவற்றின் ஊர். குகை என்பது மனிதன் நுழையும் அளவுக்கு அகலமான ஒரு விரிசல், நாம் எட்டிப் பார்க்கிற ஜன்னல். அதனால்தான் பத்து முறை இறங்கினால் ஒரு வண்டு கிடைக்கும். அந்த ஒன்று பெண்ணாகப் போய்விட்டால் ஜானெலின் முறைப்படி பார்க்க உறுப்பும் இல்லை.

இங்கேதான் டிஎன்ஏ உதவிக்கு வந்தது. அது ஜானெலையே உரசிப் பார்த்தது.

பிரனீஸ் மலையின் கண்ணில்லா ட்ரெகினி வண்டுகள் மூன்று பேரினங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தன. அஃபீனாப்ஸ் பழையது, 1862-ல் போன்வுலுவார் வைத்தது: குகையில் உலாவும் நீண்ட கால்காரர்கள். மற்ற இரண்டும் ஜானெல் வைத்தவை: மண்ணுக்குள் வாழும் கட்டை குட்டையான ஜியோட்ரெகஸ், ஆழ விரிசல்களில் வாழும் ஹைட்ரஃபீனாப்ஸ். 2010-ல் ஆர்னோ ஃபாய், இக்னாசியோ ரிபேரா முதலியோர் 90 சிற்றினங்களின் 102 மாதிரிகளிலிருந்து மரபணுக்களை எடுத்து வம்ச மரம் போட்டார்கள். எல்லாப் பிரனீஸ் வண்டுகளும் ஒரே ஒரு மூதாதையின் பிள்ளைகள் என்று வந்தது. ஏறக்குறைய ஒரு கோடி வருஷத்துக்கு முன்னால் பிரிந்த கிளை. கண்ணில்லா வாழ்க்கைக்கு அங்கே ஒரு தடவைதான் போயிருக்கிறார்கள், ஆல்ப்ஸ் வண்டுகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இதுவரைக்கும் ஜானெலின் பாடம் ஜெயித்தது: பக்கத்து மலையின் சீருடையை நம்பாதே.

ஆனால் அந்தக் கிளைக்குள்ளே போனால் மூன்று பேரினமும் சிதறின. ஒரு அஃபீனாப்ஸுக்கு நெருங்கிய உறவு இன்னொரு அஃபீனாப்ஸ் இல்லை, அதே பள்ளத்தாக்கின் ஜியோட்ரெகஸ். மரம் மேற்கு, நடு-கிழக்கு என்று பெரும்பாலும் நிலத்தைப் பொறுத்துத்தான் கிளைவிட்டிருந்தது. மண்ணுக்குள் போன ஒவ்வொரு தரமும் கால் குட்டையாகியிருக்கிறது, குகையில் உலாவ வந்த ஒவ்வொரு தரமும் நீண்டிருக்கிறது. கண்ணை வைத்து ஷ்டுர்முக்கு நடந்தது, உடம்பு வாகை வைத்து ஜானெலுக்கும் நடந்திருக்கிறது. மூன்றையும் ஒன்றாக்குவதா, இல்லை பள்ளத்தாக்கு வாரியாகப் பல பேரினங்களாக உடைப்பதா என்பது வகைப்பாட்டாளர் கையில். ஒன்றாக்கினால் முந்தி வைத்த பெயருக்கே முன்னுரிமை என்ற விதிப்படி 1862-ன் அஃபீனாப்ஸ்தான் நிற்கும். ஜானெலின் இரண்டு பெயர்களும் அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.